அலை உயரத்தை உரக்கச் சொன்ன ஊர்

2000ஆம் ஆண்டு. புதுச்சேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னுடன் படித்த தோழி வீராம்பட்டினத்துக்காரி. ஆடித் தேருக்குப் பெயர்போன செங்கழுநீர் அம்மன் கோயிலைக் காட்டுகிறேன் என்று ஒருநாள் ஊருக்கு அழைத்துப் போனாள். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். மணலில் வலையை விரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள் ஐந்தாறு பேர். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் மீன் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. கோயில் அறிவிப்பு என்றுதான் நினைத்தேன். ஒரு பெண்ணின் குரல், நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னது. சொன்னதையே இன்னொரு முறையும் சொன்னது.

வலையில் இருந்த பெரியவர் ஒருவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "விடியற்காலையில் போகலாம். மத்தியானத்துக்குள் கரை ஏறிவிட வேண்டும்" என்றார். அவர் "காற்று இப்படித் திரும்பாதே" என்று மறுத்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அலையைப் பற்றி ஒரு விவாதமே நடந்தது. கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள் அவர்கள். அன்றைக்கு அந்தக் குரல் அவர்கள் அறிவின்மேல் ஏறி உட்காரவில்லை, அதோடு பேசியது. கணினி என்றால் குளிரூட்டிய அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள் என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதன் பயன் இப்படி மணலில் வந்து விழும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தோழியின் அண்ணன் விளக்கினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியிருந்தது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அதற்கு நிதி கொடுத்தது. வில்லியனூர் நடு மையம். இணையத் தொடர்பு அங்கேதான். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரத்தையும் காற்றின் போக்கையும் காட்டும் படம் வரும். அதை இறக்கி, தமிழில் எழுதி, கம்பியில்லா ரேடியோ வழியாக வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். கிராமத்துத் தொலைபேசிக் கம்பியை நம்பி ஒரு வேலையையும் தொடங்க முடியாத காலம் அது. மின்சாரத்தையும் நம்ப முடியாது, அதனால் கூரையில் சூரியத் தகடு.

பிறகு நான் ஆசிரியை ஆனேன். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் அரசுப் பள்ளி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கல்விக்கும் ஊராட்சிக்கும் தகவல் தொழில்நுட்பம் என்று எத்தனையோ திட்டங்கள் எங்கள் ஊருக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்று வரும்போதும் எனக்கு அந்த ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வருகிறது. கடல் கடந்து வில்லியனூர் வரை வந்த செய்தி, மையத்தின் அறைக்குள் திரையோடு நின்றிருந்தால் அந்தப் பெரியவருக்கு அது எட்டியிருக்காது. அவர் படிக்கத் தெரியாதவராகக்கூட இருந்திருக்கலாம். கடைசி முந்நூறு அடியைக் கடக்க ஒரு பெண்ணின் வாய் தேவைப்பட்டது.

அந்தத் திட்டத்தில் நான் மதிக்கிற விஷயங்கள் இன்னும் உண்டு. கணினியைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன்பே, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டார்கள். உரம் விதை விலை, மருத்துவர் எப்போது இருப்பார், அரசு உதவிகள் என்னென்ன என்று எல்லாம் பக்கத்து ஊர்ச் செய்திகளாகவே இருந்தன பதில்கள். உலகத்துச் செய்தி வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், மையத்தில் உட்காருகிறவர்களை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தச் சாதியாக இருந்தாலும் உள்ளே வரத் தடை இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கடைசி நிபந்தனையின் கனம் நம் கிராமங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஏம்பலம் என்ற ஊரில் மையம் கோயில் இடத்திலேயே இயங்கியது. நடத்தியவர்கள் பெண்கள். அதிகம் படிக்காத பெண்கள் ஆங்கில விசைப்பலகையில் தமிழ் தட்டச்சு பழகினார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பட்டியல் மையத்தில் யாரும் பார்க்கும்படி கிடைத்தது. பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்பதோடு, யார் யார் பெயரெல்லாம் இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரிந்தது. 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு சிறு பத்திரிகையும் அச்சிட்டார்கள், கணினியில் இருப்பதைக் காகிதத்தில் கொண்டுபோய்க் கொடுக்க.

2004 டிசம்பர் 26. நல்லவாடு என்ற மீனவக் கிராமம், அதே திட்டத்தில் இருந்த ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் கடல் பொங்கிய செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் இங்கேயும் ஊருக்குள் வரத் தொடங்கியிருக்கிறது என்று வீட்டிலிருந்து சொன்னார்கள். ஓடுங்கள் என்றார். ஊர் இளைஞர்கள் பூட்டியிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லோரையும் வெளியேறச் சொல்லிக் கத்தினார்கள். ஏறக்குறைய 500 குடும்பங்கள், 3,600க்கும் மேற்பட்ட மக்கள். வீடுகள் நூற்றைம்பது போயின, படகுகள் இருநூறு போயின, உயிர்கள் தப்பின. அந்த அறையில் இருந்த கருவிகளிலேயே விலை குறைந்தது அந்த ஒலிபெருக்கியாகத்தான் இருந்திருக்கும்.

இன்று எங்கள் ஊரில் எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. கூரையில் தகடும் ரேடியோவும் தேவையில்லை. அரசின் வேலைகளில் பாதி திரைக்குப் போய்விட்டது. சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் தாலுகா அலுவலக வாசலில் நாள்கணக்கில் நின்ற காலம் போய், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். இது பெரிய மாற்றம். என் மாணவர்கள் கல்லூரி சேரும் மாதத்தில் ஒருநாள் கூலி இழக்காமல் சான்றிதழ் வாங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் என் அம்மாவோடு நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு நாற்பது சென்ட் நிலத்தின் பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றப் போனோம். மையத்தில் இருந்த தம்பி சர்வே எண்ணைத் தட்டினார். இரண்டு நிமிடத்தில் பட்டா திரையில் வந்தது. அதில் அப்பாவின் பெயர் இல்லை. அப்பாவின் பெரியப்பா பெயர் இருந்தது. அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, நன்றாகப் பாருங்கள். ஐம்பது வருடமாக நாங்கள்தான் பயிர் வைக்கிறோம்" என்றார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, கணினியில் இப்படித்தான் இருக்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

எழுபதுகளின் இறுதியில் தொடங்கி எண்பதுகளில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் விழுந்த பிழை அது. யூடிஆர் பிழை என்று சொன்னால் தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் புரியும். அப்போது கையால் எழுதிய பதிவேட்டில் தவறாக ஏறிய பெயர், பிறகு அப்படியே கணினிக்கு ஏறிவிட்டது. காகிதத்தில் இருந்தவரை அது ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை. கணினிக்குள் போனதும் அதற்கு ஒரு அதிகாரம் வந்துவிட்டது. பதிவேட்டை எழுதியவர் தவறியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிற மனிதர்கள்கூட, திரை தவறாகக் காட்டும் என்று ஒப்புக்கொள்வதில்லை.

எங்களுக்கு விடிவு வந்தது ஜமாபந்தியில். நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு முடியும் தறுவாயில் தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகளை விரித்து வைத்துச் சரிபார்க்கும் பழைய வழக்கம் அது. ஷாமியானா போட்டு, மேசை போட்டு, ஊர் ஊராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அம்மா மனுவை நீட்டினார். அலுவலர் சர்வே எண்ணை உரக்கப் படித்தார். பின்னால் நின்றிருந்த பக்கத்து நிலத்துக்காரர் கேட்காமலேயே முன்னால் வந்து, "அந்த வரப்பு எனக்குத் தெரியும் ஐயா. இவர் வீட்டுக்காரர் வெட்டியது" என்றார். கூடவே இன்னும் இரண்டு பேர். மனு விசாரணைக்குப் போனது. பதினோரு மாதம் ஆனது, பெயர் திருந்தியது. எண்ணை வாய்விட்டுப் படிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் வாய் திறந்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் ராஜஸ்தானைச் சொல்லாமல் இருக்க முடியாது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அருணா ராய் முதலானவர்கள் 1990இல் தொடங்கிய உழைப்பாளர் அமைப்பு. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். பஞ்சம் போக்கும் வேலைகளில் யார் யாருக்குக் கூலி கொடுத்தோம் என்று எழுதிய மஸ்டர் ரோலை, வருகைப் பதிவேட்டை, மக்கள் முன்னால் படித்தார்கள். இப்படிப் படித்த விசாரணைகளில் செத்துப்போனவர்கள் கூலி வாங்கியிருந்தது தெரிந்தது. ஊரைவிட்டுப் போய்விட்டவர்கள் கைநாட்டு வைத்திருந்ததும் தெரிந்தது. அங்கிருந்து கிளம்பிய கேள்விதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. 2019இல் அதே ராஜஸ்தானில், யாரும் விண்ணப்பம் போடாமலேயே ஊர்வாரியாகக் கணக்கைப் பார்க்கிற ஜன் சூச்னா என்ற இணையதளத்தை அரசு திறந்தது. முதலில் பந்தலில் படித்தார்கள், இருபத்தைந்து ஆண்டு கழித்து அது திரைக்கு வந்தது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் ஊராட்சிகளின் கணக்கும் இப்போது இணையத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு இ-கிராம் ஸ்வராஜ் என்ற தளத்தைத் தொடங்கியது. நிதிக்குழு மானியத்தில் உங்கள் ஊராட்சிக்கு என்னென்ன வேலை, எவ்வளவு ரூபாய் என்று யாரும் பார்க்கலாம். 2023 அக்டோபர் 2 கிராம சபைக்கு முதல் நாள் இரவு நான் எங்கள் ஊராட்சியின் பக்கத்தைத் திறந்தேன். வேலைகளின் பெயர் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. என்னுடைய பழைய மாணவி ஒருத்தி உதவிக்கு வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பதினான்கு வேலைகளையும் தமிழில் எழுதினோம், எங்கள் ஊர் எந்தத் தெருவை எப்படிச் சொல்லுமோ அப்படி. தளத்தில் 'வார்டு 3, மேற்குப் பகுதி' என்று இருந்ததை 'ஐயனார் கோயில் தெரு' என்று மாற்றினோம்.

மறுநாள் ஆலமரத்தடியில் கூட்டம். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் பெரும்பாலும். அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து எல்லா வேலைத்தளத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை செயலியில் வருகைக்கான படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று ஆகியிருந்தது. படம் ஏறாத நாளில் என் கூலி எங்கே போகிறது என்ற கோபத்தோடு வந்திருந்தார்கள். என் மாணவி எழுந்து நின்று பதினான்கு வேலைகளையும் தொகையோடு படித்தாள். முதல் மூன்று வரிவரை சலசலப்பு. நான்காவது, "ஐயனார் கோயில் தெருவில் குடிநீர்க் குழாய் நீட்டிப்பு, முடிந்தது" என்று வந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு ஒரு பாட்டி கேட்டார்: "முடிந்ததா? எந்த ஐயனார் கோயில், எங்கள் தெருவில் இருக்கிறதா, வேறு ஊரிலா?"

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஊராட்சித் தலைவர் எழுந்து, குழாய் வாங்கியாகிவிட்டது, பதிக்கவில்லை, பில் முன்னாலேயே போய்விட்டது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். தை மாதத்துக்குள் பதித்தார்கள். அந்தத் தகவல் நான்கு மாதமாக உலகம் முழுவதும் பார்க்கும்படி இணையத்தில் இருந்தது. ஐயனார் கோயில் தெருவுக்கு அது தெரியாமலே இருந்தது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எனக்கு அங்கே வலி இன்னும் அதிகம். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினோம். கல்வித் தொலைக்காட்சி முந்தைய ஆண்டே தொடங்கியிருந்ததால் பாடங்கள் அதில் வந்தன. பாடநூலில் க்யூஆர் குறியீடுகள் இருந்தன. நான் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினேன். எல்லாம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஒரே கைபேசி, அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு அது வீட்டுக்கு வந்த பிறகு, தூக்கக் கண்ணோடு நான் அனுப்பியதைப் பார்த்து எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்கள். அழகான கையெழுத்து. நானும் சரி என்று குறியிட்டேன். 2021 நவம்பர் 1ஆம் தேதி சிறிய வகுப்புகளைத் திறந்தபோது, அப்படி அழகாக எழுதி அனுப்பிய நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைப் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எழுத்துகளை அவன் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறான். பத்தொன்பது மாதம் நான் அவனைப் படித்துக் காட்டச் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் ஒரு நிமிடம், ஒரு பத்தி. எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையனின் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குச் சில நாள் முன்பு, அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எங்கள் வட்டாரம் என்பதால் நாங்களும் போயிருந்தோம். சாயங்காலம் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளை உட்காரவைத்துத் தன்னார்வலர் ஒருவர் சொல்லிக்கொடுப்பது. எங்கள் ஊரில் அதற்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள், கிராம சபையில் கணக்குப் படித்த அந்த மாணவிதான். 2013இல் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அவளிடம் இருந்தது. மின்கலம் செத்துப்போய்ச் செருகியே வைக்க வேண்டிய நிலையிலும் அதை விடாமல் வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து திண்ணையில் வைப்பாள். கல்வித் தொலைக்காட்சியின் பாடத்தை ஐந்து நிமிடம் ஓடவிடுவாள், நிறுத்துவாள். "இப்போது அந்த அக்கா என்ன சொன்னார்கள்? நீ சொல்." பிள்ளை தடுமாறும். மறுபடி ஓடவிடுவாள். மறுபடி நிறுத்துவாள். தொலைக்காட்சியில் தானாக ஓடியபோது யார் காதிலும் ஏறாத அதே பாடம்தான்.

நான்காம் வகுப்புப் பையன் அவள் திண்ணையில் ஐந்து மாதம் உட்கார்ந்தான். பங்குனியில் ஒருநாள் பள்ளிக்கு வந்து, "டீச்சர், படிக்கட்டுமா?" என்று அவனாகவே கேட்டான்.

பள்ளிகளில் கணினிவழிக் கல்விக்காகக் கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைப் பற்றி ஆசிரியர்கள் கூட்டத்தில் அடிக்கடிப் பேசுவோம். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததற்காகப் பலரும் அதைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது வேறு. பயிற்சி கொடுத்தவர்களும் பாடம் தயாரித்தவர்களும் பெரும்பாலும் வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியர்களே. நமக்கோ பள்ளி விவரங்களை அரசுக்கு அனுப்பும் எமிஸ் தளத்தில் பதிவு ஏற்றவே நேரம் சரியாகிவிடுகிறது. வருகைப் பதிவு, எடை உயரம், வழங்கிய பை, வழங்கிய செருப்பு என்று காலையின் முதல் பாடவேளை கைபேசியில் கரைகிறது. மேலே இருப்பவர்களுக்குத் தகவல் போக வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளில் நான் மேலே அனுப்பிய எண்களுக்கு ஒரு கணக்கு வைத்தால், மேலிருந்து என் வகுப்புக்குத் திரும்பி வந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். வீராம்பட்டினத்தில் தகவல் ஓடிய திசை கடற்கரையை நோக்கி இருந்தது. எங்கள் பள்ளியில் அது கடற்கரையிலிருந்து மேலே ஓடுகிறது.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 2022இலிருந்து மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதல் நாள் மாலை நாங்கள் கணக்கை இறக்கித் தமிழில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஊராட்சிச் செயலரே இப்போது விடுபட்ட விவரத்தைக் கூப்பிட்டுச் சொல்கிறார். சென்ற முறை என் மாணவிக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது, வரவில்லை. யார் படிப்பது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் மைக் செட்டைத் தூக்கி வந்திருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டான். அன்று தலை குனிந்து நின்றவன்தான். மைக்கை ஒருமுறை ஊதிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன்று. ஐயனார் கோயில் தெரு" என்று தொடங்கினான்.